எந்த இல்லை?

1

எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது நான் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன். "ஒரு சர்வர் செத்துப் போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரும்பாலும் பதில் உடனே வரும். "பிங் பண்ணிப் பாப்பேன் சார்." சரி, பதில் வரவில்லை. "அப்ப செத்துப் போச்சு." சிலர் கூடுதல் கவனத்தோடு, "மூணு தடவ பாப்பேன்" என்பார்கள். மூன்று தடவையும் பதில் வரவில்லை. இப்போது செத்துவிட்டதா? இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். தயங்குவதற்கெல்லாம் மார்க் போடுகிறாயே என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்குக் காரணம் தெரியாது. இந்தக் கேள்விக்கு நானே இரண்டு முறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது முறை, 2018 டிசம்பரில், ஒரு பஸ் டிக்கெட் தளத்தில். முதல் முறை அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, இனயத்தில், என் மாமா விஷயத்தில்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு இணையதளம் ஒரே ஒரு சர்வரில் ஓடினால், அது நிற்கும்போது தளமும் நிற்கும். ஆகவே அதே நிரலின் பல பிரதிகளைப் பல சர்வர்களில் ஓட விடுகிறோம். வாசலில் லோடு பேலன்சர் ஒன்று நின்றுகொண்டு வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும். இந்தச் சர்வர்க் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். நோட்டில் ஓடும் நிரலின் ஒரு பிரதி ஒரு பாட். எந்த பாட் எந்த நோட்டில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் அதற்குப் பதில் எங்கே எழுப்ப வேண்டும், புதிய பதிப்பு வந்தால் பழையதை எப்படி ஒன்றொன்றாக மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. கூகுள் 2014-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. நான் செய்வது, நாங்கள் எழுதும் நிரலை அதன் கையில் ஒப்படைப்பதும், அது தடுமாறும்போது ராத்திரி எழுந்திருப்பதும்.

குபர்னெட்டிஸ் ஒரு கிரேக்கச் சொல். சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். அதன் சின்னம் கப்பலின் சுக்கான் சக்கரம். அதற்குள் ஓடுவது கன்டெய்னர்கள். கன்டெய்னர்களைப் பரவலாக்கிய டாக்கரின் சின்னம், முதுகில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்துபோகும் நீலத் திமிங்கிலம். நிரல்களைக் கட்டி இறக்கும் கருவிக்கு ஹெல்ம் என்று பெயர்; அதுவும் சுக்கான்தான். கடலைப் பற்றி ஒன்றும் பேசாத ஒரு தொழில், தன் சொற்களையெல்லாம் கடலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது.

நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கியது 2016-ல். அந்த வருடம் ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை இனயத்தில் ஒரு பெருந்துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. பெரிய கப்பல்களில் வரும் கன்டெய்னர்களை இறக்கி வேறு கப்பல்களுக்கு மாற்றி ஏற்றும் துறைமுகம். கரையோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. கோயிலில், கடைத்தெருவில், வலை சீராக்கும் இடத்தில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. விடுமுறைக்கு ஊருக்கு வந்த நான் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். திரையில் அந்த நீலத் திமிங்கிலம்.

"இது என்ன மக்கா, மீனு முதுவுல கன்டெய்னரு? நீயும் அவியகூட சேந்துட்டியா?"

துறைமுகத் திட்டம் பிறகு கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. எங்கள் வீட்டில் மட்டும், நான் என்னவோ கன்டெய்னர் கம்பெனியில் இருக்கிறேன் என்ற கேலி நிலைத்துவிட்டது. அதை அதிகம் சொல்லிச் சிரித்தவர் மாமா.

3

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். எங்கள் ஊரில் கரையோரத் தொழில் பார்ப்பவர்கள் உண்டு. விடியலில் போய் பகலுக்குள் வந்துவிடுவார்கள். மாமா ஆழ்கடல் போட்டுக்குப் போகிறவர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் செய்யும் தொழில் அது. கொச்சியிலிருந்து கிளம்பினால் சில வாரங்கள் கரையைப் பார்க்க மாட்டார்கள். தூண்டிலில் சுறாவும் சூரையும் பிடிப்பார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் செத்துவிடும். வயர்லெஸ் செட்டில் பக்கத்துப் போட்டுகளோடு பேசலாம். கரையோடு பேச முடியாது. போட்டு போன நாள் தெரியும், வரும் நாள் உத்தேசமாகத் தெரியும். நடுவில் இருக்கும் நாட்கள் எங்கள் வீடுகளில் எப்போதுமே மௌனம்தான். அந்த மௌனத்தை யாரும் ஆபத்தாக எடுத்துக்கொள்வதில்லை.

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயலானது. முந்தைய நாள் வரை அது வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். வாரக்கணக்கில் கடலில் இருப்பவனுக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேர வழியில்லை. புயல் லட்சத்தீவைக் கடந்து, வடக்கே திரும்பி, டிசம்பர் 5 வாக்கில் குஜராத் கரைக்குப் பக்கத்தில் கரைந்தது. போட்டுகள் விரிந்து கிடந்த கடலின் வழியாகவே போனது.

நான் அப்போது சென்னையில் இருந்தேன். அன்று மத்தியானத்திலிருந்து வீட்டு நம்பர் போகவில்லை. அம்மா போன், அப்பா போன், பக்கத்து வீட்டுப் போன் எதுவும் போகவில்லை. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லாமல் டவர்கள் அணைந்திருந்தன. ஒன்றரை நாள் எனக்கு இனயம் இருக்கிறதா என்றே தெரியாது. பஸ் பிடித்து, மார்த்தாண்டத்திலிருந்து விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி டிசம்பர் 2 காலையில் போய்ச் சேர்ந்தால், அம்மா முற்றத்தில் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தார். இங்கே எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம், நீ ஏன் இப்படி முகம் வெளிறி வந்திருக்கிறாய் என்று கேட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மாமா போயிருந்த போட்டைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை.

4

அந்த நாட்களில் பெரிய பிரச்சினை கணக்கு. எத்தனை பேர் கடலில், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை. அரசு சொன்ன எண்ணும் பங்குக் கோயில்கள் எடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. எங்கள் ஆட்கள் வேலை செய்த போட்டுகளில் பல கேரளப் பதிவு. ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருந்தார், இன்னொருவர் எதிலும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட போட்டுகள் மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது, தொள்ளாயிரத்துக்கும் அதிகமான ஆட்களோடு. அதில் யார் யார் என்று தெரிய மேலும் நேரம் ஆனது.

நான் எஞ்சினியர் அல்லவா. பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த நண்பர்களோடு சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுத் தாளைத் திறந்தேன். போட்டின் பெயர், ஆளின் பெயர், ஊர், கிளம்பிய நாள், கடைசியாகப் பார்த்தவர் யார், தொடர்பு எண். கடைசிப் பத்தி 'நிலை'. ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினால் எண்ண முடியாது என்று அந்தப் பத்திக்கு மட்டும் தேர்வுப் பட்டியல் வைத்தேன். இரண்டு தேர்வுகள். 'வந்துவிட்டார்'. 'இல்லை'.

இல்லை என்பதைத் தகவல் இல்லை என்ற பொருளில்தான் வைத்தேன். சத்தியமாக. ஆனால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. "அவங்க அப்பா இல்ல" என்றால் வீட்டில் இல்லை என்றும் இருக்கலாம், உயிரோடு இல்லை என்றும் இருக்கலாம். கேட்பவர் குரலை வைத்துப் புரிந்துகொள்வார். தாளில் குரல் கிடையாது. நாள் போகப்போக, அந்தப் பத்தியை வாசித்தவர்களும் நிரப்பியவர்களும் முதல் பொருளிலிருந்து இரண்டாவது பொருளுக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

டிசம்பர் 6 இரவு, வேறொரு போட்டில் தப்பி வந்த ஒருவர், மாமாவின் போட்டைப் போல ஒன்று கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இருட்டு, மழை, தூரம். 'போல' என்றுதான் சொன்னார். நான் அதற்குள் ஆறு நாள் தூங்கியிருக்கவில்லை. ஏதோ ஒரு முடிவு வந்தால் போதும் என்ற நிலை. தாளில் அந்தப் போட்டின் பத்து வரிகளுக்கும் சிவப்பு நிறம் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். மாமா வீட்டுக்குப் போய் மாமியிடம், "மனசத் தேத்திக்கிடுங்க மாமி. இனி பிள்ளையளப் பாக்கணும்" என்று சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். மூத்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குச் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"உன் கம்ப்யூட்டர்ல தம்பிய எப்பிடி எழுதியிருக்கு? காட்டு."

காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இல்லைன்னா எந்த இல்ல மக்கா இது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"வரல்லன்னா வரல்லன்னு எழுது. தெரியல்லன்னா தெரியல்லன்னு எழுது. இல்லன்னு எழுத நீ பாத்தியா?"

மறுநாள், டிசம்பர் 7, கரையோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போய் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடு என்பதுதான் கோரிக்கை. அம்மாவும் மாமியும் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

9-ஆம் தேதி காலை ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. குஜராத், வெராவல். எஞ்சின் நின்று, நாட்கணக்கில் மிதந்து, வேறொரு போட்டு கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. மாமா முதலில் கேட்டது வீட்டுக் கூரை நிற்கிறதா என்று.

மாமி என்னோடு பழையபடி பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

5

இதை வைத்து, காத்திருந்தவர்கள் சரி, அவசரப்பட்டவன் தவறு என்று முடித்துவிடலாம். முடிக்க முடியாது. அதே தாளில், மாமாவின் வரிகளுக்கு நான்கு வரி கீழே, என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவனின் பெயர் இருந்தது. அவன் வீட்டிலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஜெபமாலை ஓயாமல் நடந்தது. அவன் வரவில்லை. அவனுடைய அம்மாவின் நம்பிக்கை என் அம்மாவின் நம்பிக்கையைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சட்டம் இதற்கு ஒரு எண் வைத்திருக்கிறது. அன்று நடப்பிலிருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஏழு வருடம் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று சட்டம் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு யார் மேல் என்பதை மட்டும் ஏழாம் வருடம் மாற்றி வைக்கிறது. இதை முதன்முதலில் வாசித்தபோது, ஒரு டைம்அவுட்டை இத்தனை நேர்மையாக எழுதிய ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

ஏனென்றால் எங்கள் துறையிலும் இதே சிக்கல்தான். வலைப்பின்னலில் இருக்கும் ஒரு கணினி பதில் சொல்லவில்லை. அது இறந்திருக்கலாம். மெதுவாக இருக்கலாம். அது நன்றாக இருந்து, நடுவில் கேபிள் அறுந்திருக்கலாம். வெளியே நிற்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் சென்னையிலிருந்து இனயத்தைப் பார்த்ததுபோல. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் 1985-ல் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள். செய்தி போய்ச் சேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற உத்தரவாதம் இல்லாத வலைப்பின்னலில், ஒரே ஒரு கணினி விழ வாய்ப்பிருந்தாலும், மற்றவை எல்லாச் சூழலிலும் தவறாமல் ஒருமித்த முடிவுக்கு வந்துசேரும் என்று உறுதியளிக்கும் வழிமுறை எதுவும் இருக்க முடியாது. மெதுவானதையும் இறந்ததையும் பிரித்தறிய முடியாததுதான் சிக்கலின் வேர்.

1996-ல் சந்திராவும் டூயெகும் இதன் மேல் இன்னொன்று சொன்னார்கள். இறப்பைக் கண்டறியும் எந்த ஏற்பாட்டுக்கும் இரண்டு குணங்கள் வேண்டும். உண்மையில் இறந்ததை என்றாவது கண்டுபிடித்துவிட வேண்டும். உயிரோடு இருப்பதை இறந்ததாகச் சந்தேகிக்கக் கூடாது. முதலாவது மட்டும் வேண்டுமென்றால் எளிது: எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டே இரு. இரண்டாவது மட்டும் வேண்டுமென்றாலும் எளிது: யாரையும் எப்போதும் சந்தேகிக்காதே. இரண்டையும் சேர்த்து முழுமையாகப் பெறத்தான் வழியில்லை. நான் டிசம்பர் 6 இரவில் முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். இருவரிடமும் இருந்த தகவல் ஒன்றேதான். பத்து நாளோ ஏழு வருடமோ நாற்பது நொடியோ, டைம்அவுட் என்பது யாரோ ஒருவர் எடுக்கும் முடிவு. முடிவு தவறினால் விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

6

அறிந்துகொண்டதால் திருந்திவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த டிசம்பரில் அதையே சர்வர்களுக்குச் செய்தேன்.

பஸ் டிக்கெட் முன்பதிவுத் தளம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மொய்க்கும் ஒரு மாலையில், புதிய பதிப்பை இறக்கிக்கொண்டிருந்தோம். இருபத்துநான்கு பாட்கள். பழையதில் சில போகும், புதியதில் சில வரும், தளம் நிற்காமலே முழுக்க மாறிவிடும். ரோலிங் அப்டேட். பார்க்க அழகாகவே இருக்கும்.

ஒவ்வொரு பாட்டும் உயிரோடு இருக்கிறதா என்று அந்தந்த நோட்டில் இருக்கும் காவல் நிரல் பத்து நொடிக்கு ஒருமுறை கேட்கும். ஒரு நொடிக்குள் பதில் வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் அதைக் கொன்று மறுபடி எழுப்பும். இதற்கு லைவ்னெஸ் புரோப் என்று பெயர். இந்த எண்கள் குபர்னெட்டிஸின் இயல்பமைப்பு, நான் மாற்றவில்லை. நான் செய்தது வேறு. "நல்லா இருக்கியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன் டேட்டாபேஸை ஒருமுறை தொட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். டேட்டாபேஸ் இல்லாமல் டிக்கெட் விற்க முடியாதே, அப்போது அது எப்படி நல்லா இருப்பதாகும் என்பது என் நியாயம்.

எட்டரை மணிக்குக் கூட்டம் ஏறியது. டேட்டாபேஸ் மெதுவானது. நிற்கவில்லை, மெதுவானது. ஒரு நொடியில் வந்த பதில் ஒன்றரை நொடியில் வந்தது. முப்பது நொடிக்குள் பாட்கள் ஒவ்வொன்றாகச் சாகடிக்கப்பட்டன. எழுந்தவை முதல் வேலையாக டேட்டாபேஸுக்குப் புதிய இணைப்புகளைத் திறந்து, கேஷில் நிரப்ப வேண்டியதையெல்லாம் கேட்டன. டேட்டாபேஸ் இன்னும் மெதுவானது. மிச்சம் நின்றவற்றின் மேல் மொத்தக் கூட்டமும் விழுந்தது. அவையும் போயின. திரும்பத் திரும்ப விழும் பாட்டை குபர்னெட்டிஸ் பத்து நொடி, இருபது, நாற்பது என்று இடைவெளி விட்டு, ஐந்து நிமிடம் வரை தள்ளிப் போட்டுத்தான் எழுப்பும். திரை முழுக்க சிவப்பு. நாற்பது நிமிடம் தளம் இல்லை.

என் மூத்த சகா ஒருவர் பின்னால் வந்து நின்றார். கத்தவில்லை. "எதுக்குக் கொன்ன?" என்று கேட்டார்.

"பதில் வரல."

"செத்துப் போச்சுன்னு யாரு சொன்னா?"

அந்தக் கேள்வியை எனக்கு ஏற்கெனவே தெரியும். இல்லன்னு எழுத நீ பாத்தியா.

அன்று இரவு டேட்டாபேஸைத் தொடும் வரியை லைவ்னெஸ் புரோபிலிருந்து எடுத்தேன். குபர்னெட்டிஸில் இரண்டாவதாக ஒரு கேள்வி உண்டு: ரெடினெஸ். "இப்ப வேலை கொடுத்தா செய்வியா?" இதற்கு இல்லை என்று பதில் வந்தால் பாட்டைக் கொல்லாது. அதற்கு ஆட்களை அனுப்புவதை மட்டும் நிறுத்தும். தயாரானதும் மறுபடி அனுப்பும். இரண்டு கேள்விகள், இரண்டு இல்லைகள். ஒன்றுக்கு மரணம், மற்றதற்கு ஓய்வு. நான் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டிருந்தேன், தாளில் போட்டதுபோலவே.

7

அதன் பிறகுதான் கையேடுகளை வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே தெரிந்த விஷயங்களே, இப்போது அவற்றை எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தெரிந்தது.

ஒரு நோட் மொத்தமாகப் பேச்சை நிறுத்திவிட்டால் குபர்னெட்டிஸ் என்ன செய்யும்? நோட்டின் தயார்நிலைக்கு அது இரண்டல்ல, மூன்று மதிப்புகள் வைத்திருக்கிறது. ஆம், இல்லை, தெரியாது. நான் பழகிய காலத்தில் நாற்பது நொடி மௌனத்துக்குப் பின் அது 'தெரியாது' என்று எழுதும். இல்லை என்று எழுதாது. அந்த மூன்றாவது சொல்லை நான் பல வருடமாகத் திரையில் பார்த்திருக்கிறேன். அம்மா சொன்ன பிறகே கண்ணில் பட்டது.

'தெரியாது' என்று எழுதிவிட்டு, மேலும் ஐந்து நிமிடம் பொறுக்கும். அதற்குப் பின் அந்த நோட்டில் இருந்த பாட்களுக்குப் பதில் வேறு நோட்டில் புதியவற்றை எழுப்பும். இதை ஐந்து நிமிடத்தில் செய்ய முடிவதற்குக் காரணம், ஒரு வெப் பாட்டிடம் அதற்கென்று எதுவும் கிடையாது. பெயர்கூட எழுத்தும் எண்ணும் கலந்து தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது. வைத்திருந்த தகவலெல்லாம் வெளியே டேட்டாபேஸில். பழையது பிறகு உயிரோடு திரும்பி வந்தாலும் நஷ்டமில்லை. சர்வர்களை வளர்ப்புப் பிராணிபோல நடத்தாதே, மந்தைபோல நடத்து என்று எங்கள் துறையில் ஒரு வாசகம் உண்டு. வெப் பாட்களுக்கு அது சரி.

ஆனால் டேட்டாபேஸ் போன்றவற்றை ஓட்ட ஸ்டேட்ஃபுல்செட் என்ற வேறு வகை இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் நிலையான பெயர், சொந்தமான சேமிப்பு. அப்படிப்பட்ட பாட் இருக்கும் நோட் மௌனமாகிவிட்டால் குபர்னெட்டிஸ் பதிலாள் எழுப்பாது. ஐந்து நிமிடம் ஆனாலும், ஐந்து மணி நேரம் ஆனாலும். மௌனமானது அங்கே இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். அதே பெயரில் இன்னொன்று எழுந்து இதுவும் எழுதினால் தகவல் பாழாகிவிடும். ஆகவே காத்திருக்கும். அந்த நோட் திரும்பிப் பேச வேண்டும், அல்லது மனிதர் ஒருவர் வந்து, நான் பார்த்தேன், அது போய்விட்டது என்று பொறுப்பேற்றுக் கையால் அழிக்க வேண்டும்.

மாமாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். இப்போது அவர் நீண்ட தொழிலுக்குப் போவதில்லை. கரையோரம் வள்ளத்தில் போகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பேரு இருக்கப்பட்டவனுக்குத்தான் காத்துக் கெடக்கும், இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க போட்டுல எல்லாவனுக்கும் பேரு உண்டுலா" என்றார். பேச்சு மத்திச் சாளைக்கு மாறிவிட்டது.

8

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. 2019-ல் ஜெமினி என்று ஒன்று: செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை ஆழ்கடல் போட்டில் இருக்கும் செல்போனுக்கு வரும். போட்டிலிருந்து பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, 2010 முதல், ஆபத்தில் இருக்கும் போட்டு செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் இஸ்ரோ கருவி புழக்கத்தில் இருந்தது. அதில் குறை தலைகீழ்: அனுப்பலாம், போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதன் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் வந்தது. இப்போது கரையிலிருந்து 'கிடைத்தது' என்ற பதில் போட்டுக்குத் திரும்பிப் போகும்.

எங்கள் துறையில் இதை ஆக் என்போம். வலைப்பின்னலின் மிகச் சிறிய சேதி அது, நீ அனுப்பியது வந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கவிழ்ந்த போட்டின் மேல் கிடப்பவனுக்கு அதனால் கூரை கிடைக்காது, தண்ணீர் கிடைக்காது. தன் பெயருக்கு நேரே கரையில் யாரும் இல்லை என்று எழுதிவிடவில்லை என்பது மட்டும் தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பெரிய புயலும் அதற்குப் பின் ஆறு வருடமும் தேவைப்பட்டிருக்கின்றன.

அந்தப் பொதுத் தாள் இன்னும் என் கணக்கில் இருக்கிறது. அம்மா கேட்ட அன்றே நிலைப் பத்தியின் தேர்வுகளை மாற்றினேன். மூன்று ஆக்கினேன். 'வந்துவிட்டார்'. 'உடல் கிடைத்தது'. 'தெரியவில்லை'. மாமாவின் வரி 9-ஆம் தேதி முதலாவதற்குப் போனது. நான்கு வரி கீழே இருக்கும் என் வகுப்புத் தோழனின் வரி மூன்றாவதில் நிற்கிறது. ஏழு வருடம் கடந்துவிட்டது. மாற்றச் சொல்லி அவன் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானாக மாற்றப் போவதில்லை.

சென்ற மாதம் நேர்காணலுக்கு ஒரு பெண் வந்திருந்தார். கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். மூணு தடவை பதில் வரல, செத்துப் போச்சா?

கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியாது சார்" என்றார். பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தில் அவசரமாகச் சேர்த்தார்: "அதுல என்ன ஓடிட்டிருந்ததுன்னு சொல்லுங்க. அதப் பொறுத்து எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு சொல்றேன்."

வேலை கொடுத்துவிட்டோம்.